மழைக்கும் லுங்கிக்கும் தோதாக வேலைக்குப் போகும் சைக்கிள்: ரங்கூனில் எதைப் பொருத்துவது, எதைக் கழற்றுவது?

தாம்வே தம்பி

எல்லோருக்கும் வணக்கம். தாம்வேயிலிருந்து லத்தா பக்கம் உள்ள அலுவலகத்துக்கு இனிமேல் சைக்கிளில் போய்வரலாம் என்று இருக்கிறேன். பஸ்ஸில் நசுங்கி அலுத்துவிட்டது. டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. மோட்டார் சைக்கிளுக்கோ நகருக்குள் தடை. ஆகவே ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். 26 அங்குலச் சக்கரம், பின் சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்குள் மூன்று கியர், முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு, டயரில் உரசும் டைனமோ. செயினுக்கு மேல்பக்கம் மட்டும் பாதி மூடி.

வண்டி கனமாக இருக்கிறது. கூடை, கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிதிக்க இலகுவாகுமா? நண்பன் ஒருவன் பின் சக்கரத்தையே மாற்றி ஏழு பல்சக்கரம் போட்டுக்கொள் என்கிறான். பின் பிரேக்கைப் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலறுகிறது. டயர் இரண்டும் வழுக்கை. அலுவலகத்துக்கு நான் லுங்கி கட்டித்தான் போகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மழை பிடிப்பதற்குள் வண்டி தயாராக வேண்டும்.

கறுப்பு ரோட்ஸ்டர்

தம்பி, அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு 28 அங்குலக் கறுப்பு வண்டி ஒன்றைப் பாருங்கள். சீனத்து ஃபிளையிங் பிஜன், ஃபீனிக்ஸ், இந்தியாவின் ஹீரோ, எதுவானாலும் சரி. தியான்ஜினில் 1950-ல் ஃபிளையிங் பிஜன் தொடங்கியபோது ஆங்கிலேயர்களின் பழைய ரோட்ஸ்டரைப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்த அமைப்பை இன்றுவரை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடையே நீளம் அதிகம், ஆகவே பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் முதுகுக்குத் தெரியாது. செயினுக்கு முழு மூடி. பிரேக்குக்குக் கேபிள் கிடையாது, கம்பிதான். அறுந்து போக வாய்ப்பே இல்லை. ஜப்பான் வண்டிகள் அழகாக இருக்கும். நம் சாலைக்கு அழகு போதாது.

கியர் கணக்கு

ரோட்ஸ்டர் அண்ணன் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த வண்டியின் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. அது ஈரமானால் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. காய்ந்த நாளில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு உருண்டுதான் நிற்கும். கம்பி அறுந்து போகாது என்பது உண்மை. அறுந்து போகாத கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் நிற்கும் டாக்ஸியில் போய் இடிக்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது, அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அலுமினிய ரிம் அல்லது ஹப்புக்குள்ளேயே பிரேக், இரண்டில் ஒன்று இல்லாத வண்டியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சிரியத்துக் கடைக்காரர்

தாம்வே தம்பிக்கு. எதையும் கழற்றாதீர்கள். நீங்கள் கழற்ற நினைக்கும் ஒவ்வொன்றுக்காகவும்தான் என் கடையில் மழைக்காலத்தில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

முதலில் லுங்கிப் பிரச்சினை. மேல்பக்கம் மட்டும் மூடியிருக்கும் பாதி மூடி பேன்ட் போடுபவருக்குப் போதும், லுங்கிக்குப் போதாது. லுங்கி எங்கே மாட்டும் என்று எல்லோரும் நினைப்பது முன் பல்சக்கரத்தின் மேல். அங்கேயும் மாட்டும்தான். ஆனால் நான் கத்தரிக்கோல் எடுத்து வெட்டிவிட்ட லுங்கிகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தவை: கால் மேலே எழும்பும்போது துணியின் கரை பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் தொங்குகிறது, காற்று அதை உள்ளே தள்ளுகிறது, செயின் அதைக் கௌவிக்கொள்கிறது. அப்போது பின்னால் மிதித்து விடுவித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், துணி பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் மடிந்து இறுகியிருக்கும். இறங்கவும் முடியாது, ஏனென்றால் இடுப்பில் கட்டியிருப்பதே அதுதான். ஆகவே கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து மூடும் முழு மூடி வாங்கிப் பொருத்துங்கள். ஜப்பான் வண்டிகளின் உதிரி விற்கும் இடங்களில் பிளாஸ்டிக்கிலும் தகரத்திலும் கிடைக்கிறது. பிளாஸ்டிக் வாங்குங்கள். தகரம் ஒரு முறை நெளிந்தால் செயினில் உரசி நாள் முழுவதும் பாடிக்கொண்டே வரும்.

முழு மூடியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உள்ளே மழைநீர் நேராக அடிப்பதில்லை, மண் ஏறுவதில்லை. திறந்த செயினுக்கு மழைக்காலத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் செயின் எப்போதாவது கேட்கும். எண்ணெய் என்றதும் மோட்டாரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும். பணம் மிச்சம் என்று ஊற்றி, செயினை அரைத்துத் தேய்த்துவிடுகிறார்கள்.

ஏழு பல்சக்கரம் போடச் சொன்ன நண்பரிடம், அதற்குப் பிறகு முழு மூடியை எங்கே மாட்டுவது என்று கேளுங்கள். செயின் இடமும் வலமும் நகரும் வண்டிக்கு முழு மூடி மாட்ட முடியாது. உங்கள் மூன்று கியர் ஹப்புக்குள்ளேயே இருக்கிறது, செயின் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. லுங்கி கட்டுபவருக்கு அதுவே பெரிய வரம். சிக்னலில் நின்றபிறகும் கியர் மாற்றலாம் என்பது அதற்கு மேல்.

பிரேக் அலறுவதைப் பற்றி: பின் ஹப்பின் இடது பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே இருப்பது பட்டை இறுகும் பேண்ட் பிரேக்கா, ரோலர் பிரேக்கா என்று தெரியாமல் யாரும் மருந்து சொல்ல முடியாது. படம் எடுத்துப் போடுங்கள்.

கறுப்பு ரோட்ஸ்டர்

முழு மூடி, நேர்கோட்டுச் செயின், சாய்ந்து உட்காராத சீட். இதையெல்லாம் அடுக்கினால் என் வண்டிதான் வருகிறது என்பதைக் கவனித்தீர்களா ஐயா?

சிரியத்துக் கடைக்காரர்

கவனித்தேன். ரிம்மையும் கவனித்தேன்.

மோல்மீன் அக்கா

ரங்கூன்காரர்கள் மழையைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இங்கே வந்து ஒரு ஆகஸ்ட் மாதம் இருந்து பாருங்கள், அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும்.

நான் பள்ளிக்குப் போவது சேலையிலும், பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கியான தமேனிலும். லுங்கிக்காரருக்குச் செயின் ஒரு கவலை. எங்களுக்குப் பின் சக்கரம் இரண்டாவது கவலை. முந்தானை ஸ்போக்ஸில் போனால் செயினில் போவதைவிட மோசம், ஏனென்றால் கழுத்துப் பக்கத்திலிருந்து இழுக்கும். இந்திய லேடீஸ் சைக்கிளில் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் வலைத்தடுப்பு இருக்கும். ஜப்பான் வண்டிகள் சிலவற்றில் பிளாஸ்டிக் தடுப்பு உண்டு, இல்லாதவற்றுக்குத் தனியாக வாங்கி மட்கார்டின் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் யாரையாவது ஏற்றினால் ஆண்களின் வண்டிக்கும் அது வேண்டும். கேரியரில் உட்காரும் பிள்ளை காலை உள்ளே விட எத்தனை நொடி ஆகும்?

பிள்ளையை ஏற்றுபவர்கள் இதையும் பாருங்கள். ஜப்பான் வண்டியின் கேரியரில் ஒரு சின்ன ஒட்டியோ அச்சோ இருக்கும்: கிளாஸ் 18, 25 அல்லது 27. அந்த எண் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கு. பிள்ளை இருக்கை மாட்டத் தகுந்தது 27 மட்டும். அதன் கம்பி தடிமனாக இருக்கும், வண்டியோடு பொருந்தும் இடமும் உறுதியாக இருக்கும். எங்கள் பள்ளி வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் 18-தான். அதில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள். நான் சொன்னால் "டீச்சர், இரும்புதானே" என்கிறார்கள்.

தாம்வே தம்பி, குறுக்குக் கம்பி தாழ்வாக இருக்கும் வண்டியைத்தானே வாங்கியிருக்கிறீர்கள்? லேடீஸ் சைக்கிள் என்று யாராவது கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். லுங்கியோடு பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு இறங்கும் அழகை நானும் பார்த்திருக்கிறேன்.

பெகு காய்கறி

அக்கா சொன்ன கிளாஸ் கணக்கு எனக்குப் புதிது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். என்னுடையது 25. நான் அதில் இருபது வீசை காய்கறி ஏற்றுகிறேன். வீசைக்கு 1.63 கிலோ என்றால் 32 கிலோவுக்கு மேல். மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக்காரன் பயந்து குறைத்துப் போடுவான், நாம் அதைப் பார்த்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது.

சிரியத்துக் கடைக்காரர்

பெகு தம்பி, கேரியர் ஒருவேளை தாங்கும். அதைப் பின் அச்சோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் சீட்டுக்குக் கீழே உள்ள சின்ன போல்ட்டையும் பாருங்கள், அங்கேதான் முதலில் போகும். பாரத்தை முடிந்தவரை அச்சுக்கு நேர் மேலேயும் தாழ்வாகவும் வையுங்கள், அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். இருபக்கமும் கூடை தொங்கவிட்டுப் பிரித்துப் போடுங்கள்.

ஸ்போக்ஸையும் அடிக்கடி தட்டிப் பாருங்கள். இரண்டு கம்பிகளைச் சேர்த்து விரலால் கிள்ளினால் எல்லாம் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், பிறகு அது அறும், அப்புறம் வரிசையாக. கோட்டம் எடுக்க ஆகும் செலவு புது ரிம் விலையில் சின்னப் பங்குதான்.

கியர் கணக்கு

கியர் பற்றி எண்களோடு எழுதுகிறேன், தேவையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த வகை வண்டிகளில் பொதுவாக முன்னால் 32 பல், பின்னால் 14 பல். 26 × 1⅜ டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.08 மீட்டர். ஷிமானோ நெக்ஸஸ் மூன்று கியர் ஹப்பில் இரண்டாவது கியர் நேரடி, முதல் கியர் அதில் 0.73 பங்கு, மூன்றாவது 1.36 பங்கு. ஆகவே ஒரு சுற்று மிதித்தால் முதல் கியரில் ஏறத்தாழ 3.5 மீட்டர், இரண்டில் 4.8, மூன்றில் 6.5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பவர் இரண்டாவது கியரில் மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போவார். ரங்கூன் நெரிசலில் அதுவே தாராளம்.

மூன்றாவது கியர் இங்கே யாருக்கும் பெரிதாகப் பயன்படுவதில்லை, முதல் கியர் போதவில்லை என்பவர்கள்தான் நிறைய. அதற்குச் சக்கரத்தை மாற்ற வேண்டாம். பின் பல்சக்கரத்தை மட்டும் 14-லிருந்து 16-க்கு மாற்றுங்கள். அதைப் பிடித்திருப்பது ஒரு வளையக் கிளிப், தட்டையான ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். மாற்றினால் முதல் கியர் 3 மீட்டர் அளவுக்கு இறங்கும். பின் அச்சைச் சற்று முன்னே நகர்த்திச் செயினைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பெகு தம்பிக்கும் மோல்மீன் அக்காவுக்கும் இது நல்ல மாற்றம். தாம்வே தம்பிக்கு அவசியமில்லை.

கியர் நழுவினால் உடனே ஹப் போய்விட்டது என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். லீவரை இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க அச்சின் முனையில் இருக்கும் கறுப்புப் பெட்டியின் சிறு கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே மஞ்சள் கோடு இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கேபிளின் திருகைக் கையால் சுற்றினால் போதும்.

சிரியத்துக் கடைக்காரர்

எந்தக் கடைக்காரர் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள், பெரிய மனது.

டாலா படகு

நான் டாலாவிலிருந்து தினமும் பான்சோடான் துறைக்குப் படகில் சைக்கிளோடு வருகிறேன். என் பார்வை கொஞ்சம் வேறு.

படகில் ஏறியதும் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு வண்டிகள் படகு ஆடும்போது ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கின்றன. ஜப்பான் வண்டியின் இரட்டைக்கால் ஸ்டாண்டும் அதன் கால்பூட்டும் இங்கேதான் அருமை தெரிகிறது. பின் சக்கரத்தைக் கௌவும் வளையப் பூட்டைப் போட்டுவிட்டால் உருளவும் உருளாது. ஆனால் அந்த வளையப் பூட்டை மட்டும் நம்பிச் சந்தையில் விட்டுப் போகாதீர்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அது தடையில்லை. கம்பத்தோடு சேர்த்து இன்னொரு சங்கிலி வேண்டும்.

முக்கியமாக நான் சொல்ல வந்தது கண்ணாடி பற்றி. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே அங்கிருந்து வரும் வண்டியில் கண்ணாடி இருந்தால் வலக் கைப்பிடியில் இருக்கும். நாம் 1970 டிசம்பர் 6-லிருந்து வலப்பக்கம் ஓட்டுகிறோம். நம்மைத் தாண்டும் வண்டிகள் எல்லாம் இடது தோளுக்குப் பக்கத்தில்தான் தாண்டுகின்றன. வலப்பக்கக் கண்ணாடியில் தெரிவது நடைபாதை மட்டும். கழற்றி இடப்பக்கம் மாட்டுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து நிற்கும் கார்கள். இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டீயரிங் வலப்பக்கம். ஓட்டுநர் கதவைத் திறப்பது ஓரத்துப் பக்கமாக. நாம் இடுக்கு கிடைத்தது என்று நெரிசலில் நிற்கும் கார்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைகிறோம் அல்லவா, கதவு திறப்பது அங்கேதான். இன்னொன்று, செயின் எல்லா வண்டியிலும் வலப்பக்கம், ஆகவே நாம் ஏறுவது இடப்பக்கத்திலிருந்து. இங்கே அது சாலைப் பக்கம். பின்னால் பார்க்காமல் காலைத் தூக்காதீர்கள்.

கறுப்பு ரோட்ஸ்டர்

இது நல்ல குறிப்பு. இத்தனை வருடம் ஓட்டியும் ஏறும் பக்கத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை.

தாம்வே தம்பி

எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர் ஐயா கேட்ட படத்தைப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் வட்டமான வெள்ளித் தகடு, ஓரத்தில் சின்ன ரப்பர் மூடி ஒன்று தெரிகிறது. அதோடு டயர் கேட்கப் போன இடத்தில் 26 என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு டயரைக் கையில் கொடுக்கப் பார்த்தார்கள். மலைச் சைக்கிள் டயர் மாதிரி இருந்தது. வாங்கவில்லை.

சிரியத்துக் கடைக்காரர்

நல்ல வேளை வாங்கவில்லை. 26 என்ற பெயரில் குறைந்தது மூன்று அளவுகள் உலவுகின்றன, ஒன்று மற்றொன்றில் ஏறாது. உங்கள் பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள், 37-590 என்று இருக்கும். 590 என்பது டயரின் விளிம்பு உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். மலைச் சைக்கிள் டயர் 559. இந்தியாவில் ஓடும் 26 × 1½ அளவு 584. ரோட்ஸ்டரின் 28 × 1½ அளவு 635. அங்குலத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், இந்தக் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பின் டயர் மட்டுமாவது கனமானதாக வாங்குங்கள். காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியில் பின் சக்கரத்தைக் கழற்றுவது எளிதல்ல: கியர் கேபிள், பிரேக் கை, ஸ்டாண்டு, கேரியர் காது, மட்கார்டு கம்பி, செயின் மூடி, எல்லாம் அந்த ஒரே அச்சில் வந்து சேர்கின்றன. அதனால்தான் பஞ்சர் ஒட்டுபவர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். பஞ்சருக்கு அது சரி. டயரே மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும், மலிவு டயர் போட்டால் அந்த வேலை அடிக்கடி வரும்.

படத்தில் இருப்பது ரோலர் பிரேக். அது அலறினால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். அந்த ரப்பர் மூடியைக் கழற்றி, ரோலர் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைக் கொஞ்சம் செலுத்தி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். உள்ளே உலோகமும் உலோகமும்தான் உரசுகின்றன, கிரீஸ் இருந்தே ஆக வேண்டும். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி ஓடிவிடும்.

படிப்பவர்கள் வேறு யாரிடமாவது பேண்ட் பிரேக் இருந்தால் இதைப் பார்த்துவிட்டு அதில் கிரீஸோ எண்ணெயோ விட்டுவிடாதீர்கள்! அதில் டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை இறுகுகிறது. எண்ணெய் பட்டால் பிரேக் என்று ஒன்று இருக்காது. அது அலறினால் உப்புத்தாளால் டிரம்மைத் தேய்க்கலாம், சில வாரம் அமைதியாக இருக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அதே இடத்தில் பொருந்தும் சர்வோ பிரேக்குக்கு மாறுங்கள்.

மோல்மீன் அக்கா

ஐயா, வெள்ளத்தில் போகலாமா என்பதையும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் முழங்கால் வரை நிற்கிறது.

சிரியத்துக் கடைக்காரர்

ஹப் நனையாத ஆழம் வரை ஓட்டலாம் அக்கா. அச்சு நீருக்குள் போகும் என்றால் ஓட்டினாலும் தள்ளினாலும் ஹப்புக்குள் தண்ணீர் போகும், பிறகு பிரித்துக் கிரீஸ் மாற்றியாக வேண்டும். ஓட்டினால் கூடுதலாக ஒன்று: வடிகாலின் மேல் போட்ட சிமெண்ட் பலகை எது இருக்கிறது, எது இல்லை என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. தூக்கிக்கொண்டு நடங்கள். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் வாளி வாளியாக ஊற்றுகிறார்களே, அதற்கும் இதே கதைதான். திருவிழா முடிந்த மறுவாரம் எனக்கு நல்ல வரும்படி.

பெகு காய்கறி

காற்றே இல்லாத டயர் போட்டால் பஞ்சர் தொல்லையே இல்லையே? சிங்கப்பூரில் கைவிட்ட வாடகை சைக்கிள்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தார்களே, அவற்றில் பார்த்திருக்கிறேன்.

கியர் கணக்கு

2019-ல் தொழிலதிபர் மைக் தான் துன் வின் தொடங்கிய லெஸ்வாக் திட்டத்தைச் சொல்கிறீர்கள். பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கென்று பத்தாயிரம் வண்டிகள். பூட்டை மாற்றிப் பின்னால் ஓர் இருக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பஞ்சர் கடையே இல்லாத கிராமத்துக்கு அந்த டயர் பொருத்தம். இருபது வீசை ஏற்றும் உங்களுக்கு இல்லை. காற்றில்லாத டயர் அதிர்ச்சியை விழுங்காது, ஒவ்வொரு பள்ளமும் நேராக ஸ்போக்ஸுக்குப் போகும், மிதிக்கவும் கனம். உங்கள் தக்காளியும் பெகுவிலிருந்து சட்னியாகத்தான் வந்து சேரும்.

காற்றை ஒழுங்காக அடித்தாலே பாதிப் பஞ்சர் வராது. இந்த டயர்களுக்கு 300 கிலோபாஸ்கல், பழைய அளவில் 43 பவுண்டு சுமாராகத் தேவை. தெருவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துப் போதும் என்று ஓட்டுபவர்களின் டியூப்தான் ரிம்மின் விளிம்பில் கடிபட்டு இரட்டைத் துளை விழுகிறது.

டாலா படகு

வால்டியூபையும் பாருங்கள். காற்று இறங்குகிறது, துளையும் இல்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் வெந்து பிளந்திருக்கும். ஒரு சாண் வால்டியூப் வாங்கிச் சீட்டுக்கு அடியில் சுற்றி வைத்திருக்கிறேன். வால்வின் தொப்பியைத் திருகி, ஊசியை எடுத்து, பழைய ரப்பரை நகத்தால் சுரண்டிவிட்டு, புதிதில் அரை விரல் நீளம் வெட்டி எச்சில் தொட்டு ஏற்றினால் சரியாக உட்காரும். துளையை மூடி அதற்குக் கீழேயும் கொஞ்சம் இறங்க வேண்டும். படகு வருவதற்குள் முடிகிற வேலை.

விளக்கு பற்றி யாரும் பேசவில்லை. மின்சாரம் போன தெருவில் முன்விளக்கைவிடப் பின்விளக்குதான் உயிர். ஜப்பான் வண்டியில் பின்னால் பெரும்பாலும் சிவப்புப் பிரதிபலிப்பான் மட்டும்தான் வரும். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைக் கேரியருக்குக் கீழே கட்டுங்கள், மழைக்கோட்டு மறைக்காத உயரத்தில். மழையில் டைனமோ உருளை டயரில் வழுக்கி முன்விளக்கு மங்கும், அதற்கும் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.

தாம்வே தம்பி

சீட்டின் உயரம் என்ன வைப்பது? இப்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறது. நெரிசலில் அது வசதியாக இருக்கிறது.

கறுப்பு ரோட்ஸ்டர்

வசதி இப்போது தெரியும், முழங்கால் வலி பிறகு தெரியும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். அதுவே சரியான உயரம்.

மோல்மீன் அக்கா

பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது சிக்னலில் நுனிவிரலால் நிற்கச் சொல்வீர்களா அண்ணா? நான் அந்த அளவிலிருந்து இரண்டு விரல்கடை குறைத்து வைத்திருக்கிறேன், முழங்காலும் புகார் சொல்லவில்லை. தனியாகப் போகிறவர் அண்ணன் சொன்னபடி வைக்கட்டும்.

தாம்வே தம்பி

சரி. முழு மூடி வாங்கிவிட்டேன், 590 டயரும் கிடைத்தது. கூடையும் மட்கார்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏழு பல்சக்கரம் வேண்டாம். நண்பனிடம் முழு மூடியை எங்கே மாட்டுவது என்று கேட்டேன், பேன்ட் போட்டுக்கொள் என்றான்.

வழியில் சில பெரிய சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை, உள் தெருக்களில் சுற்றிப் போக வேண்டும். அங்கே நாய்கள் அதிகம். அதற்கு ஏதாவது பொருத்த முடியுமா?

டாலா படகு

பொருத்த ஒன்றுமில்லை. வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் போய்விடும். மாலையில் அதே நாய்களுக்கு ஒரு ரொட்டித் துண்டு போடுங்கள். அடுத்த வாரம் உங்களை மட்டும் விட்டுவிடும், பின்னால் வருபவர் பாடு.

கறுப்பு ரோட்ஸ்டர்

கடைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பொதுவாகத்தான் கேட்கிறேன். 28 அங்குல வண்டியின் முன் சக்கரத்துக்கு அலுமினிய ரிம் போட வழி உண்டா? என் ஹப்பில் 32 துளை.

சிரியத்துக் கடைக்காரர்

உங்கள் ஹப்பை விட்டுவிடுங்கள். ஜப்பான் 27 அங்குல வண்டியின் முன் சக்கரம் 630, உங்களுடையது 635. விட்டத்தில் 5 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அலுமினிய ரிம்மோடு முழுச் சக்கரமாகவே மாட்டிவிடலாம், டயரும் டியூபும் அதன் அளவுக்கு வாங்க வேண்டும். ஆனால் உங்கள் கம்பி பிரேக் ரிம்மை உள்பக்கத்திலிருந்து மேலே இழுத்துப் பிடிப்பது, அது இந்த ரிம்முக்கு ஆகாது. முன்னால் மட்டும் கேபிள் வைத்த காலிப்பர் பிரேக் போட வேண்டும், கை நீளமானதாகப் பார்த்து. ஃபோர்க்கின் தலையில் மட்கார்டு போல்ட் போகும் துளையிலேயே அதைப் பொருத்தலாம்.

கறுப்பு ரோட்ஸ்டர்

முன் கம்பியைக் கழற்றச் சொல்கிறீர்கள்.

சிரியத்துக் கடைக்காரர்

முன்னால் மட்டும். பின்னால் உங்கள் கம்பியும் ரிம்மும் அப்படியே இருக்கட்டும், யாரும் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 630 சக்கரம் ஒன்று கடையில் தொங்குகிறது, கோட்டம் எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வாருங்கள், மழை இல்லையென்றால். வரும்போது உங்கள் பம்பைக் கொண்டுவாருங்கள், என்னுடையதில் வாஷர் போய்விட்டது.